அமெரிக்க டிவியில் மாத்திரை விளம்பரம்: தடையா, நேரக் கணக்கா?

2025 செப்டம்பர் 9 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் ஒரு குறிப்பாணையில் கையெழுத்திட்டார். மருந்து நிறுவனங்கள் பொதுமக்களுக்கு நேரடியாகச் செய்யும் விளம்பரங்களில் ஆபத்துகள் பற்றிய தகவல் இன்னும் கூடுதலாக இருக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருந்தார். அதே நாளில், எஃப்.டி.ஏ. எனப்படும் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஆயிரக்கணக்கான நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்புவதாக அறிவித்தது. உடனே நிறுத்தச் சொல்லும் கடிதங்கள் மட்டும் சுமார் 100. இதைப் பார்த்த பலர் மருந்து விளம்பரத்துக்கே தடை வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

தடை எதுவும் வரவில்லை. எஃப்.டி.ஏ. கைவைக்கப் போவதாகச் சொன்னது ஒரு பழைய விதியின் ஒற்றை வாசகத்தில். அந்த வாசகம் போனால், விளம்பரம் சட்டப்படி அனுமதிக்கப்பட்டதாகவே இருக்கும். ஆனால் அதை ஒளிபரப்புவது கட்டுப்படியாகாது. இது எப்படி என்று புரிய, அந்த விதி பிறந்த இடத்திலிருந்து வர வேண்டும்.

## எந்த மருந்து, எந்த விளம்பரம்

மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே கடையில் தரக்கூடியவை பரிந்துரை மருந்துகள். சீட்டு இல்லாமல் வாங்கும் தைலம், இருமல் மிட்டாய் வகையறாவின் விளம்பரங்களை அமெரிக்காவில் வர்த்தக ஆணையம் கவனிக்கிறது. பரிந்துரை மருந்துகளின் விளம்பரம் எஃப்.டி.ஏ.யின் பொறுப்பு. கர்ப்பிணிகள் சாப்பிட்டதால் குழந்தைகள் ஊனத்தோடு பிறந்த தாலிடோமைடு மருந்தின் விபரீதத்துக்குப் பிறகு 1962இல் வந்த கெஃபாவர்-ஹாரிஸ் திருத்தம் இந்த அதிகாரத்தை அதற்குக் கொடுத்தது.

வளர்ந்த நாடுகளில் இத்தகைய மருந்தைப் பெயர் சொல்லிப் பொதுமக்களிடம் முழுமையாக விளம்பரம் செய்ய அனுமதிப்பவை இரண்டுதான்: அமெரிக்காவும் நியூசிலாந்தும். இந்தியாவில் ஷெட்யூல் எச், எச்1, எக்ஸ் பட்டியல்களில் உள்ள மருந்துகளை மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் விளம்பரப்படுத்தக் கூடாது. மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு போட்டு வருபவை இந்த வகை. அதனால்தான் நம் டிவியில் வலி நிவாரணிக் களிம்பு வரும், கொலஸ்ட்ரால் மாத்திரை வராது.

அமெரிக்க விதிகள் விளம்பரத்தை மூன்றாகப் பிரிக்கின்றன.

1. பலன் சொல்லும் விளம்பரம். மருந்தின் பெயரும் இருக்கும், எந்த நோய்க்கு என்பதும் இருக்கும். பலனைச் சொன்னால் பாதகத்தையும் ஈடாகச் சொல்லியே ஆக வேண்டும்.
2. நினைவூட்டும் விளம்பரம். பெயர் மட்டும். எதற்கான மருந்து, எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று மூச்சு விடக் கூடாது. அப்படி இருந்தால் பக்க விளைவுகளைச் சொல்ல வேண்டியதில்லை. மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டித் தனி எச்சரிக்கை அச்சிடப்படும் அளவுக்கு ஆபத்துள்ள மருந்துகளுக்கு இந்தச் சலுகை கிடையாது.
3. உதவி நாடச் சொல்லும் விளம்பரம். நோய் மட்டும் இருக்கும், மருந்தின் பெயர் இருக்காது. "இந்த அறிகுறிகள் உண்டா? மருத்துவரைப் பாருங்கள்" என்ற பாணி. மருந்து விளம்பர விதிகள் இதைத் தொடுவதே இல்லை.

மூன்றாவது வகை பார்க்கத்தான் சாது. ஆண்களுக்கு வயதாக ஆகச் சோர்வும் ஆர்வக் குறைவும் வருவது இயல்பு. டெஸ்டோஸ்டிரோன் ஜெல் விற்ற நிறுவனம் அதற்கு "லோ டி" என்று பெயர் வைத்து, மருந்தின் பெயரைச் சொல்லாமலே ஒரு கேள்வித்தாளை மக்கள் கையில் கொடுத்தது. கேள்விகள் அப்படி, நடுவயதைத் தாண்டிய பெரும்பாலோர் ஏதாவது ஒன்றுக்கு ஆம் சொல்லிவிடுவார்கள். விற்பனை ஏறியது. 2015 மார்ச்சில் எஃப்.டி.ஏ. தலையிட்டது: வெறும் வயது காரணமாக அளவு குறைந்தவர்களுக்கு இந்த மருந்தின் பலனும் பாதுகாப்பும் நிறுவப்படவில்லை என்பதையும், மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடக்கூடும் என்பதையும் மருந்துக் குறிப்பில் சேர்க்கச் சொன்னது. விளம்பரங்கள் ஓடிய காலம் அதற்குள் முடிந்திருந்தது.

## 1969 முதல் 1997 வரை

விளம்பரத்தில் பக்க விளைவுகள், யாருக்குக் கொடுக்கக் கூடாது, மருந்தின் பலன் ஆகியவற்றின் சுருக்கம் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பெயர்தான் சுருக்கம். பத்திரிகையில் அது ஒரு பக்கம் நிறையப் பொடி எழுத்தாக வரும். விதிகள் எழுதப்பட்ட 1960களில் மருந்து விளம்பரம் என்றால் மருத்துவ இதழில், மருத்துவர் கண்ணில் படுவதற்காக வருவது. பொதுமக்கள் யார் நினைவிலும் இல்லை.

ஒலிபரப்புக்கு மட்டும் அந்த விதிகள் இரண்டு வழி தந்தன. ஒன்று, முழுச் சுருக்கத்தையும் வாசிப்பது. இல்லையென்றால், முக்கிய ஆபத்துகளை மட்டும் சொல்லிவிட்டு, மருந்தின் முழு விவரக் குறிப்பு பார்ப்பவருக்குக் கிடைக்கப் "போதிய ஏற்பாடு" செய்வது. எந்த ஏற்பாடு போதியது என்று விதியில் இல்லை. 1980களில் ஒரு மாத்திரையின் விவரக் குறிப்பை டிவி பார்க்கும் கோடிக்கணக்கானவர்களுக்கு எப்படிச் சேர்ப்பது? வழி இல்லாததால் அந்தக் கதவு இருந்தும் பூட்டியே கிடந்தது.

1981இல் மெர்க் நிறுவனம் நிமோனியா தடுப்பூசிக்கு ரீடர்ஸ் டைஜஸ்ட்டில் விளம்பரம் கொடுத்தது. 1983இல் பூட்ஸ் நிறுவனம் ரூஃபென் என்ற இபுப்ரோஃபென் மாத்திரைக்கு டிவியில் விளம்பரம் போட்டது. போட்டி மருந்தைவிட விலை குறைவு என்பதே அதன் செய்தி. அந்த ஆண்டே எஃப்.டி.ஏ. எல்லாரையும் நிறுத்தி வைக்கச் சொன்னது. 1985இல் அந்த நிறுத்தத்தை விலக்கிக்கொண்டது. மருத்துவர்களுக்கு உள்ள விதியே மக்களுக்கும் போதும் என்று முடிவு.

பூட்டு திறந்தது 1997 ஆகஸ்டில். எஃப்.டி.ஏ. வெளியிட்ட வழிகாட்டுதல் "போதிய ஏற்பாடு" என்பதற்கு நான்கு வழிகளைச் சொன்னது: ஒரு கட்டணமில்லாத் தொலைபேசி எண், ஒரு இணையதள முகவரி, "இந்த இதழில் எங்கள் விளம்பரத்தைப் பாருங்கள்" என்ற குறிப்பு, "உங்கள் மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேளுங்கள்" என்ற வரி. நான்கும் திரையில் வந்துவிட்டால் போதும். 1999இல் அது இறுதியானது. சட்டத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனால் பல நிமிடம் பிடிக்கும் விளம்பரம் 60 விநாடிக்குள் அடங்கிவிட்டது. மருந்துகளை நேரடியாக மக்களிடம் விளம்பரம் செய்யும் செலவு 1997இல் 130 கோடி டாலர். 2016இல் 600 கோடி டாலர்.

## 60 விநாடிக்குள் என்ன நடக்கிறது

இன்றைய டிவி விளம்பரம் ஒன்றில் இவை இருந்தாக வேண்டும்: வணிகப் பெயரோடு மூலப்பெயர், எஃப்.டி.ஏ. ஒப்புதல் கொடுத்த பயன் மட்டும், முக்கிய ஆபத்துகளின் கூற்று, மேலே சொன்ன நான்கு வழிகள்.

சிக்கல் மூன்றாவதில். ஆபத்துகளை வாசிக்கும்போதுதான் பேரக்குழந்தை ஓடி வரும், நாய் குதிக்கும், இசை எழும். காது ஒன்றைக் கேட்க, கண் இன்னொன்றைப் பார்க்கும். இதைச் சரிசெய்யச் சொல்லி 2007இல் சட்டம் வந்தது. அதற்கான விதி இறுதியானது 2023 நவம்பரில். பதினாறு வருடம்! நிறுவனங்கள் 2024 நவம்பர் 20இலிருந்து அதைப் பின்பற்ற வேண்டியதாயிற்று. அதன் ஐந்து அளவுகோல்கள்:

1. ஆபத்துகளைச் சாதாரண மக்களுக்குப் புரியும் சொற்களில் சொல்ல வேண்டும்.
2. அந்தப் பகுதியின் குரல், ஒலியளவு, வேகம் ஆகியவை விளம்பரத்தின் மற்ற பகுதிகளைவிட மோசமாக இருக்கக் கூடாது.
3. டிவியில் ஆபத்துகள் ஒரே நேரத்தில் குரலாகவும் எழுத்தாகவும் வர வேண்டும்.
4. எழுத்து வாசிக்கக்கூடிய அளவிலும் நிறத்திலும் இருக்க வேண்டும். வாசித்து முடிக்கும் வரை திரையில் நிற்க வேண்டும்.
5. அந்த நேரத்தில் கவனத்தைக் கலைக்கும் படமோ ஒலியோ கூடாது.

ஆபத்தை எப்படிச் சொல்வது என்பதை இந்த விதி ஒழுங்குபடுத்துகிறது. எவ்வளவு சொல்வது என்பதைத் தொடவில்லை.

## ஒளிபரப்பிய பிறகுதான் சோதனை

விளம்பரங்களை எஃப்.டி.ஏ. பார்த்து முத்திரை குத்திய பிறகே ஒளிபரப்புகிறார்கள் என்று அமெரிக்கர்களிலேயே பலர் நம்புகிறார்கள். உண்மை நேர் எதிர். சாதாரண சூழலில் விளம்பரத்துக்கு முன் ஒப்புதல் கேட்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. நிறுவனம் 2253 என்ற எண் கொண்ட படிவத்தோடு விளம்பரத்தின் பிரதியை, அது முதலில் வெளியாகும் நாளில் சமர்ப்பித்தால் போதும். விருப்பப்பட்டால் முன்கூட்டியே கருத்துக் கேட்கலாம். துரித ஒப்புதல் பெற்ற மருந்துகளுக்கு மட்டும் முன்னதாகவே அனுப்ப வேண்டும்.

தவறு கண்டால் கடிதம் போகும். பொய்யான விளம்பரத்துக்கு 2007 சட்டம் வைத்த அபராதம் மூன்றாண்டுக் காலத்தில் முதல் முறைக்கு 2.5 லட்சம் டாலர் வரை, அடுத்தடுத்து 5 லட்சம் டாலர் வரை, பணவீக்கத்துக்கேற்ப ஏறும். அமெரிக்கக் கால்பந்தின் 2025 சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் 30 விநாடிக்குக் கொடுக்கப்பட்ட தொகை 80 லட்சம் டாலர் வரை என்று செய்தி. அபராதத்துக்கு யார் பயப்படுவார்கள்?

கடிதம் வேலை செய்ததும் உண்டு. யாஸ் என்ற கருத்தடை மாத்திரையைப் பருவுக்கும் மாதவிடாய்க்கு முந்தைய சாதாரண மனநிலை மாற்றத்துக்கும் மருந்து போலக் காட்டிய விளம்பரத்துக்காக 2008இல் பேயர் நிறுவனத்துக்குக் கடிதம் போனது. பல மாநிலங்களும் சேர்ந்துகொண்டன. கடைசியில் 2 கோடி டாலர் செலவில் திருத்த விளம்பரம் ஒளிபரப்ப வேண்டி வந்தது. ஆனால் முதல் விளம்பரத்தைப் பார்த்து மாத்திரை தொடங்கியவர்களுக்கு அது காலம் கடந்த சேதி.

## பொய்யே இல்லாமல் திசைதிருப்புவது

பொய் சொன்னால் பிடிபடும். ஆகவே மருந்து விளம்பரத்தில் அப்பட்டமான பொய் அரிது. எந்த எண்ணைப் பெரிய எழுத்தில் போடுவது என்பதில்தான் கைவண்ணம்.

ஃபைசரின் கொலஸ்ட்ரால் மாத்திரையான லிப்பிடாரின் விளம்பரம் மாரடைப்பு ஆபத்தை 36% குறைப்பதாகச் சொன்னது. அதே விளம்பரத்தின் அடிக்குறிப்பில் கணக்கு இருந்தது: மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் 3% பேருக்கு மாரடைப்பு, லிப்பிடார் சாப்பிட்டவர்களில் 2% பேருக்கு. அதாவது நூறு பேர் சில ஆண்டுகள் தினமும் சாப்பிட்டால் ஒருவருக்கு மாரடைப்பு தவிர்க்கப்படும்; இரண்டு பேருக்கு மாத்திரையை மீறியும் வரும்; 97 பேருக்குச் சாப்பிடாவிட்டாலும் வந்திருக்காது. மூன்றிலிருந்து இரண்டாகக் குறைவதைச் சதவீதமாக்கினால் 33. முழுமையாக்காத எண்களை வைத்தால் 36. இரண்டு எண்ணும் உண்மை. ஆடித் தள்ளுபடியில் "36% குறைவு" என்று பலகை வைத்தால் பழைய விலை என்ன என்று கேட்போம். மாத்திரைக்கு அப்படிக் கேட்கத் தோன்றுவதில்லை.

ஆபத்து மிகுந்தவர்களுக்கு இந்த மருந்து பெரிய துணை என்பதில் சந்தேகம் இல்லை. ஆபத்து குறைந்தவருக்கும் அதே 36 காட்டப்படுவதுதான் கோளாறு. செயற்கை இதயத்தோடு பெயர் சேர்த்துப் பேசப்படும் ராபர்ட் ஜார்விக் அந்த விளம்பரத்தில் தோன்றினார். அவர் மருத்துவத் தொழில் செய்ய உரிமம் பெற்றவர் அல்ல, விளம்பரத்தில் அவராகக் காட்டி ஏரியில் படகு வலித்ததும் அவர் அல்ல என்று தெரிந்த பிறகு 2008இல் ஃபைசர் அதை விலக்கிக்கொண்டது. சதவீதத்துக்காக யாரும் விலக்கவில்லை.

## புது மருந்து, பெரிய விளம்பரம்

விளம்பரச் செலவு மிகுவது மருந்து புதிதாக வரும்போது. காப்புரிமை இருக்கும் சில ஆண்டுகளுக்குள் விற்றாக வேண்டும். அந்த மருந்தைப் பற்றி மருத்துவ உலகத்துக்கு மிகக் குறைவாகத் தெரிந்திருப்பதும் அதே காலத்தில்தான். ஒப்புதலுக்கு முந்தைய ஆய்வுகளில் பெரும்பாலும் சில ஆயிரம் பேர் இருப்பார்கள்; அரிய பாதகங்கள் லட்சக்கணக்கானோர் சாப்பிட்ட பிறகுதான் வெளிப்படும்.

மெர்க்கின் வயாக்ஸ் 1999 மே மாதம் சந்தைக்கு வந்தது. மூட்டுவலியைப் பழைய மாத்திரைகளைவிட நன்றாக அடக்கியது என்று இல்லை. வயிற்றில் புண்ணும் ரத்தக்கசிவும் குறைவு என்பதே அதன் சிறப்பு. ஆகவே அது தேவைப்பட்டவர்கள் வயிற்றுப் புண் ஆபத்து உள்ள ஒரு பகுதியினர். பனிச்சறுக்கு நடன வீராங்கனை டோரதி ஹாமில் வந்த விளம்பரமோ மூட்டு வலிக்கிற அனைவரிடமும் பேசியது. 2000ஆம் ஆண்டில் மட்டும் அதன் நேரடி விளம்பரத்துக்கு 16 கோடி டாலர் செலவானது; அந்த ஆண்டு பெப்சிக்குச் செலவானதைவிட அதிகம். அதே 2000இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் நேப்ராக்சென் என்ற பழைய வலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட வயாக்ஸ் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்று தெரிந்தது. நேப்ராக்சென் இதயத்தைக் காப்பதால் அப்படித் தெரிகிறது என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. 2004 செப்டம்பர் 30 அன்று, இன்னொரு ஆய்வு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவதை உறுதி செய்த பிறகு, மருந்து திரும்பப் பெறப்பட்டது. வழக்குகளைத் தீர்க்க 2007இல் 485 கோடி டாலர் ஒதுக்கியது மெர்க்.

மருந்து வந்து முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மக்களிடம் விளம்பரம் செய்வதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் அமைப்பின் குழு ஒன்று 2006இல் பரிந்துரைத்தது. இந்தப் பிரச்சினைக்கு முன்வைக்கப்பட்ட தீர்வுகளில் காரணத்தோடு நேராகப் பொருந்துவது இதுதான். அது சட்டமாகவில்லை.

## மருத்துவரின் அறையில்

"கடைசியில் எழுதிக் கொடுப்பவர் மருத்துவர்தானே, விளம்பரம் என்ன செய்துவிடும்?" என்ற வாதத்துக்கு 2005இல் வெளியான ஒரு சோதனை பதில் தருகிறது. நோயாளிகளாக நடிக்கப் பயிற்சி பெற்ற பெண்கள் 152 மருத்துவர்களிடம் 298 முறை போனார்கள். சிலர் கடும் மனச்சோர்வு அறிகுறிகளைச் சொன்னார்கள். மற்றவர்கள் சொன்னது வாழ்க்கை மாற்றத்தால் வந்த தற்காலிக வருத்தம். அதற்கு மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது.

தற்காலிக வருத்தம் சொன்னவர்கள் மருந்தே கேட்காதபோது 10% பேருக்கு மாத்திரை எழுதப்பட்டது. டிவியில் பார்த்ததாகச் சொல்லி பேக்சில் என்ற மனச்சோர்வு மாத்திரையைப் பெயரோடு கேட்டபோது 55% பேருக்கு. இது விளம்பரத்தை எதிர்ப்பவர்களின் ஆயுதம்.

கடும் மனச்சோர்வு சொன்னவர்களிடம் கதை வேறு. எதுவும் கேட்காதவர்களில் 56% பேருக்கே குறைந்தபட்சம் ஏற்கத்தக்க முதல் சிகிச்சை கிடைத்தது. பெயர் சொல்லிக் கேட்டவர்களில் 90%. பெயர் சொல்லாமல் "ஏதாவது மருந்து உதவுமா" என்று கேட்டவர்களில் 98%. வாய் திறந்து கேட்பது நோயாளிக்கு நல்லது. பிராண்டைச் சொல்லிக் கேட்பது நிறுவனத்துக்கு நல்லது. இரண்டையும் ஒரே விளம்பரம் செய்துவிடுவதால்தான் இந்த விவாதம் இத்தனை ஆண்டுகளாக முடியாமல் இழுக்கிறது.

## ஏன் ஒரேயடியாகத் தடை செய்ய முடியவில்லை

அமெரிக்க மருத்துவச் சங்கம் 2015இல் தடை கேட்டது. 2025 ஜூனில் செனட்டர்கள் சாண்டர்ஸும் கிங்கும் தடை மசோதா கொண்டுவந்தார்கள். ஆனால் குறுக்கே நிற்பது கருத்துரிமையைக் காக்கும் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம்.

1976இல் வர்ஜீனியா மாநிலத்தில் மருந்தாளுநர்கள் மருந்தின் விலையை விளம்பரம் செய்யக் கூடாது என்ற சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வணிகப் பேச்சுக்கும் கருத்துரிமைப் பாதுகாப்பு உண்டு என்றது. அதிகம் செலவழிக்க முடியாத நோயாளிகளுக்காக நுகர்வோர் அமைப்பு நடத்திய வழக்கு அது. அதன் பலன் பிறகு பெரிய நிறுவனங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 1980இல் வந்த இன்னொரு தீர்ப்பின்படி, உண்மையான, சட்டபூர்வமான விளம்பரத்தைக் கட்டுப்படுத்த வேண்டுமானால், வலுவான அரசு நோக்கம் இருக்க வேண்டும். கட்டுப்பாடு அதை நேரடியாக நிறைவேற்ற வேண்டும். தேவைக்கு மேல் ஒரு பிடிகூட இறுக்கக் கூடாது. எளிய வழி ஒன்று இருந்தாலே முழுத் தடை விழுந்துவிடும். 2002இல் கடையிலேயே கலந்து தயாரிக்கும் மருந்துகளின் விளம்பரத் தடை இப்படித்தான் விழுந்தது.

சட்டத்தில் அதிகாரம் இல்லாமல் துறை மட்டும் முயன்றாலும் நிற்காது. 35 டாலருக்கு மேற்பட்ட மருந்தானால் டிவி விளம்பரத்தில் பட்டியல் விலையைச் சொல்ல வேண்டும் என்று 2019இல் சுகாதாரத் துறை விதி போட்டது. மெர்க், எலி லில்லி, ஆம்ஜென் வழக்குப் போட்டன. விதி அமலுக்கு வருவதற்கு முந்தைய நாள் நீதிமன்றம் அதை நிறுத்தியது. 2020இல் மேல்முறையீட்டிலும் அரசு தோற்றது.

## "போதிய ஏற்பாடு" போனால்

2025 அறிவிப்பின் சூட்சுமம் இப்போது தெரியும். யாரையும் பேசாதே என்று சொல்லவில்லை. பேசினால் முழுதாகப் பேசு என்கிறது. இணைய முகவரி கொடுத்துத் தப்பிக்கும் வழியை அடைத்தால், பத்திரிகையில் ஒரு பக்கம் வரும் சுருக்கத்தை டிவியில் வாசிக்க வேண்டும். ஒரு நிமிட விளம்பரம் பல நிமிடமாகும், செலவும் அப்படியே பெருகும்.

இதில் இரண்டு அடுக்குகள் உண்டு. நான்கு வழிகளைச் சொன்ன வழிகாட்டுதலை எஃப்.டி.ஏ. ஒரு அறிவிப்பிலேயே திரும்பப் பெறலாம். "போதிய ஏற்பாடு" என்ற மாற்று வழியோ 1960களின் விதியிலேயே எழுதப்பட்டது. அதை நீக்க வரைவு வெளியிட்டு, பொதுமக்கள் கருத்துக் கேட்டு, பதில் எழுதி, இறுதி செய்ய வேண்டும். அதன்பின் வழக்கு வரும். தகவலைக் கட்டாயமாக்குவது தடைக்குச் சமமாகிவிட்டது என்று நிறுவனங்கள் வாதிடும். நீண்ட பட்டியலைக் கேட்பவர் எதையுமே நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார் என்ற வாதமும் வரும்; அதில் நியாயம் இருக்கிறது.

டிவி கட்டுப்படியாகாவிட்டால் பணம் போகும் இடங்களும் தெரிந்தவையே.

1. உதவி நாடச் சொல்லும் விளம்பரங்கள். மருந்தின் பெயர் இல்லாததால் புதிய விதி இவற்றைத் தொடாது. சந்தையில் ஒரே மருந்து ஆதிக்கம் செலுத்தும் நோய்க்குப் பெயர் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.
2. சமூக ஊடகப் பிரபலங்கள். 2015இல் கர்ப்பகால வாந்திக்கான டைக்லெஜிஸ் மாத்திரையைப் பாராட்டி கிம் கர்தாஷியன் இன்ஸ்டாகிராமில் இட்ட பதிவில் ஒரு ஆபத்துகூடச் சொல்லப்படவில்லை. எஃப்.டி.ஏ. கடிதம் நிறுவனத்துக்குப் போனது. அவர் பதிவை எடுத்துவிட்டுத் திருத்தப் பதிவு போட்டார். பணம் கைமாறியதை நிரூபிக்க முடியாத பதிவுகளில் இதைக்கூடச் செய்வது கடினம்.
3. இணைய வழி மருத்துவ நிறுவனங்கள். சட்டத்தின் விளம்பரப் பிரிவு உற்பத்தியாளர், பொதியிடுபவர், விநியோகிப்பவர் ஆகியோரைத்தான் கட்டுப்படுத்துகிறது. மருத்துவரையும் மருந்தகத்தையும் இணைத்துக் கொடுக்கும் நிறுவனம் இந்த மூன்றில் எது? 2025 பிப்ரவரி சூப்பர் பவுலில் ஹிம்ஸ் அண்ட் ஹெர்ஸ் கலந்து தயாரித்த எடைக்குறைப்பு ஊசிக்கு ஒரு நிமிட விளம்பரம் போட்டது. பக்க விளைவுகளின் வழக்கமான பட்டியல் அதில் இல்லை. இரண்டு செனட்டர்கள் ஒளிபரப்புக்கு முன்பே எஃப்.டி.ஏ.க்கு எழுதினார்கள். செப்டம்பரில் அந்த நிறுவனத்துக்குக் கடிதம் போனது. அது சுட்டிய குற்றம் இணையதளத்தில் அந்த ஊசியை ஒப்புதல் பெற்ற மருந்துக்கு இணையாகக் காட்டியது.

மூன்றாவது ஓட்டையை அடைக்க எஃப்.டி.ஏ.யின் விதித் திருத்தம் போதாது. யார் யாரைச் சட்டம் கட்டுப்படுத்தும் என்ற பட்டியலில் புதிய பெயரைச் சேர்க்க அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்தான் வாக்களிக்க வேண்டும்.